துணி சுற்றிய மணி

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் சின்னதாக ஒரு பித்தளை மணி இருக்கிறது. கைப்பிடியின் உச்சியில் நந்தி உட்கார்ந்திருக்கும். என் மனைவி கல்யாணச் சீரோடு கொண்டுவந்தது. அந்த மணியின் நாக்கில் ஒரு மஞ்சள் துணியைச் சுற்றி, அதன்மேல் தையல் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தாள். ஆட்டினால் ஓசை வராது. ஈரப் புடவையைக் கல்லின் மேல் மெதுவாக வைத்தால் கேட்குமே, அந்த மாதிரி 'தொப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனாலும் கற்பூரம் காட்டும்போது இடது கையால் அதை ஆட்டாமல் இருக்க மாட்டாள். வீட்டுக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டு, "இன்னா இது, சாமி மணிக்கு வாயக் கட்டி வச்சிருக்க?" என்று கேட்டால், "அவரு தூங்குறாருங்க. முருகனுக்குத் தெரியும், கோச்சுக்க மாட்டாரு" என்று தாழ்ந்த குரலில் சொல்வாள். அவர் என்றது என்னைத்தான். எங்கள் வீட்டில் முருகனைவிட என் தூக்கத்துக்கு மரியாதை ஜாஸ்தியாக இருந்தது.

நான் நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தவன். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. வெட்டிய நிலக்கரியை மேலே கொண்டுபோகும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடப்பதை வாரி, மறுபடி பெல்ட்டிலேயே போடுகிற வேலை. எங்கள் ஊர் நிலக்கரி கறுப்பு இல்லை, பழுப்பு. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடலிலும் நகக்கண்ணிலும் அந்தப் பழுப்பு நிற்கும். என் தலையணை உறை எந்த நாளும் டீ கொட்டியது போலத்தான் இருக்கும். டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காக இருக்கும் குவார்ட்டர்ஸும் நிழல் மரங்களும் பர்மனென்ட் ஆட்களுக்கு. நாங்கள் மந்தாரக்குப்பத்தில் ஓர் அறையும் அடுப்படியும் உள்ள வாடகை வீட்டில் இருந்தோம். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் பாய் வீடு. பாய் கடைவீதியில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தார். அவர் மனைவியை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். அவர் என் மனைவியைத் தங்கச்சி என்பார், என்னைத் தம்பி என்பார்.

கல்யாணத்தின்போதே என் தலையில் கடன் இருந்தது. அப்பாவுக்குக் கிட்னி கெட்டுப்போய்ப் பாண்டிச்சேரிக்கும் ஊருக்குமாக அலைந்ததில் பாதி, அவர் போன பிறகு என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்ததில் மீதி. பெண் பார்க்கப் போன இடத்தில் என் மாமா கடன் இருக்கிறது என்று சொல்லத்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்ன தோரணையில், ஏதோ மளிகைக் கடை பாக்கி என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மறுவீடு முடிந்து வந்த வாரத்தில் முழுசையும் அவளிடம் எடுத்துச் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம், "இதுல எதுக்கு வட்டி ஜாஸ்தி?" என்று கேட்டாள். மறுநாள் காலையில் குளித்து சாமி கும்பிட்டு, காதிலும் கையிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, அடகுக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பணத்தில் பெரிய வட்டிக்காரரை முடித்தோம். திரும்பும்போது அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான். "ஒருத்தன் கொறைஞ்சான் பாருங்க. நெஞ்சு லேசா இல்ல?" என்று சிரித்தாள்.

பாப்பா பிறந்து தவழ ஆரம்பித்த காலத்தில் ஒரு நாள், மூன்று பேரும் என் எக்ஸெல் வண்டியில் டவுன்ஷிப் வழியாக வந்துகொண்டிருந்தோம். எதிரே ஒரு ஊர்வலம். பர்மனென்ட் ஆள் ஒருவர் அன்று ரிடையர் ஆகியிருந்தார். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு ஆள் உயர மாலை போட்டு, காரில் உட்கார வைத்து, மேளம் அடித்து, வெடி வெடித்து, குவார்ட்டர்ஸ் வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். எங்கள் ஊரில் அது வழக்கம். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, கார் வளைவில் மறைகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவருக்கு இன்னா வயசு?"

"அறுவது. அறுவதுலதான் விடுவாங்க. அப்புறம் பென்ஷன்."

"உங்களுக்கு யாரு மாலை போடுவாங்க?"

"கான்ட்ராக்ட்காரனுக்கு ஒரே மாலைதான். அது போடும்போது நான் படுத்திருப்பேன்" என்றேன் விளையாட்டாக.

முதுகில் ஓங்கி ஒரு அடி விழுந்தது. "வாயக் கழுவுங்க மொதல்ல!" வாசலில் இறங்கிப் பாப்பாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "நாப்பது. நாப்பது வயசுல நீங்க ரிடையரு. மாலை நான் போடுறேன். வெடி வேணாம், காசு செலவு."

இதை நான் வேலையிடத்தில் போய்ச் சொன்னதுதான் தப்பு. கூட மண்வெட்டி பிடித்த கூட்டாளி ஒருவன் மாதக்கணக்கில் அதை வைத்தே என்னை ஓட்டினான். "இன்னாடா மாப்ள, பொண்டாட்டி உனக்குப் பென்ஷன் ஆர்டரு போட்டுட்டாளாமே? ஃபேமிலி பென்ஷன்னா இதானா?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் அவளுக்கு அது விளையாட்டு இல்லை. கடன் அடைக்க ஒரு பக்கம், நாற்பது வயசுக்கு ஒரு பக்கம் என்று வருகிற காசை இரண்டாகப் பிரித்தாள். நகைக்கு வட்டி கட்டுவாள். போஸ்ட் ஆபீஸிலும் மாசம் தவறாமல் போடுவாள். நடுவில் நாங்கள் சாப்பிட வேண்டும். அரிசி ரேஷனில். கறி என்பது பக்ரீத் அன்றைக்கு அக்கா கொடுத்தனுப்புகிறபோது மட்டும். ரிடையர் ஆகி என்ன செய்வது என்று ஒரு முறை கேட்டேன். பூஜை சாமான் கடை வைக்கலாம் என்றாள். கற்பூரம், திரி, எண்ணெய், ஊதுபத்தி. காலையில் திறந்து விளக்கு வைத்த பிறகு மூடிவிடலாம். "ரிடையரு ஆவுறதுன்னா சும்மா உக்கார்றது இல்லீங்க. ராத்திரியில தூங்கறது. மத்த வூட்டு ஆம்பளைங்க மாதிரி நீங்களும் ராத்திரியில வூட்ல படுத்துத் தூங்கணும். எனக்கு அது போதும்."

ராத்திரி ஷிப்ட் என்றால் என்ன என்பது அந்த வேலை செய்கிற வீடுகளுக்குத்தான் தெரியும். மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். ராத்திரி ஷிப்டை யாரும் விரும்ப மாட்டார்கள். அவர்களுடைய ராத்திரியை நான் வாங்கிக்கொண்டால் கையில் கொஞ்சம் கூடக் கிடைக்கும். சில நாள் சாயங்கால ஷிப்டையும் சேர்த்து டபுளாக முடித்துவிட்டுக் காலையில் வருவேன். அதனால் மாசத்தில் பெரும்பாலும் நான் பகலில் தூங்குகிறவன். நான் தூங்குகிறபோது அந்த வீட்டில் ஓசை இருக்காது. குக்கர் விசில் அடிக்கும் என்று சோற்றை வடித்தே சமைப்பாள். தாளிப்பதென்றால் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வாள். பாப்பாவின் கொலுசில் இருந்த மணிகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்து எடுத்துவிட்டாள். கேஸ்காரர் வருகிற நாளில், அவர் சிலிண்டரைத் தட்டிவிடக் கூடாதென்று தெருமுனைக்கே போய் நிற்பாள். ஜாக்கெட் தைத்துக் கொஞ்சம் சம்பாதித்தாள். ஆனால் மிஷின் ஓடுவது நான் வேலைக்குப் போன பிறகுதான். பகலில் கொக்கி வைப்பது, புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது என்று கைவேலை மட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா கூட மிக்ஸி போடுமுன் வாசலில் வந்து நின்று, கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்து, தூங்குகிறாரா என்று சைகையில் கேட்பார். இவள் ஆமாம் என்று தலையாட்டினால் மிக்ஸி நிற்கும், அம்மிதான்.

பாப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாய் திறக்காத ஒரு பாஷை இருந்தது. தண்ணீருக்குக் கட்டை விரல். பசிக்கு வயிற்றில் இரண்டு தட்டு. உதட்டின் மேல் விரல் வைத்தால் அப்பா தூங்குகிறார். பாப்பா பேசக் கற்றுக்கொள்ளும் முன்பே பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டது. எனக்கு அதில் பெருமை. 'என் வூட்ல நான் தூங்கினா ஈ கூடக் கேட்டுட்டுத்தான் பறக்கும்' என்று சொல்லிக்கொள்வேன். அப்படி ஒரு நாளில்தான், பாப்பா விளையாட்டாக மணியை எடுத்து ஆட்டி நான் அலறி எழுந்த பிறகு, அவள் பழைய மஞ்சள் புடவையின் ஓரத்தைக் கிழித்து மணி நாக்கில் கட்டினாள். கட்டும்போது முருகனிடம் சொல்லிக்கொண்டே கட்டினாள். "நாப்பது வயசுல அவுத்துடுறேன் சாமி. அன்னைக்குத் தெரு முழுக்கக் கேக்குற மாதிரி அடிக்கிறேன். அதுவரைக்கும் இந்தச் சத்தத்தையே மணின்னு நெனைச்சிக்க."

கடன் ஒரு நாள் முடிந்தது. கடைசி வளையலையும் மீட்டுக்கொண்டு வந்த அன்று, வழியில் கோயிலில் அர்ச்சனை செய்தோம். அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தேன், விலை கேட்காமல் வாங்கினேன் என்று திட்டினாள். வீட்டுக்கு வந்து நகைகளைச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டோம். "மணிய அவுத்துடலாமா?" என்று கேட்டேன். அவள் மணியைக் கையில் எடுத்து, முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டாள். "இது கடன் மணி இல்லீங்க, ரிடையருமென்ட் மணி. இப்ப வட்டி கட்ட வேணாம், அந்தக் காசையும் சேத்துப் போட்டா சீக்கிரமே ஆயிடும். இன்னும் கொஞ்ச நாளு ராத்திரிய வாங்கிக்கிறீங்களா?" நானும் சரி என்றேன். இரண்டு பேருமே சந்தோஷமாகத்தான் முடிவு பண்ணினோம். கடன் இல்லாதவனுக்கு மண்வெட்டி கூட லேசாக இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அது நடந்தது ஒரு சனிக்கிழமை. பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் லீவு. நான் டபுள் முடித்துவிட்டுக் காலையில் வந்தேன். அவள் வெந்நீர் எடுத்து வைத்திருந்தாள். இட்லி வைக்கும்போது ஒரு கையை அடிவயிற்றில் வைத்திருந்ததைப் பார்த்தேன். "இன்னா பாப்பா அம்மா, வலிக்குதா?" என்று கேட்டேன். அவளை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். "சூடு புடிச்சிருக்கும். ஒண்ணும் இல்ல, நீங்க தூங்குங்க. ஜாஸ்தியா இருந்தா நீங்க எழுந்ததும் சாயந்திரம் டாக்டருகிட்ட காட்டிட்டு வரலாம்" என்றாள். ஜன்னலில் ஈரத் துணியைத் தொங்கவிட்டாள். ஃபேனைக் கூட்டினாள். கதவை ஒருக்களித்துச் சாத்துமுன், கால்மாட்டில் கிடந்த போர்வையை எடுத்து என் காலில் போட்டாள். அவள் கை என் மேல் கடைசியாகப் பட்டது அந்தப் பாதத்தில்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. அடுத்தடுத்த வருஷங்களில் பாப்பா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதை ஒட்டவைத்துத்தான் எனக்குத் தெரியும். அவளுக்கு அப்போது ஆறு வயசு. வெயில் ஏறிய பிறகு அம்மா அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். அப்புறம் தரையிலேயே சுருண்டு படுத்தாளாம். முந்தானையை மடித்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாளாம். பாப்பா எழுந்து அறைப் பக்கம் ஓடப் பார்த்தது. அம்மா அதன் கையை எட்டிப் பிடித்து, உதட்டின் மேல் விரல் வைத்துக் காட்டினாள். பாப்பா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. காலண்டர் அட்டையை எடுத்து விசிறியது. வியர்வையைத் துடைத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அம்மா முனகாமல், அசையாமல் படுத்துவிட்டாள். தூங்கிவிட்டாள் என்று குழந்தை நினைத்தது. இப்போது வீட்டில் இரண்டு பேர் தூங்குகிறார்கள். அதனால் இன்னும் கவனமாக, கால் விரலைக்கூட நகர்த்தாமல் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தது.

நான் நன்றாகத் தூங்கினேன். அதைச் சொல்லாமல் இதை எழுதக் கூடாது. கனவுகூட இல்லாத தூக்கம். வெயில் இறங்குகிற நேரத்தில் தானாக விழிப்பு வந்து, சோம்பல் முறித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தேன். தரையில் அவள். பக்கத்தில் பாப்பா, கையில் அட்டை. என்னைப் பார்த்ததும் அது சின்ன விரலை உதட்டில் வைத்து, காற்று மாதிரி ஒரு குரலில் சொன்னது:

"அம்மா தூங்கிகினு இருக்காங்கப்பா."

நான் போட்ட கூச்சலில்தான் அக்கா ஓடி வந்தார். பாய் ஆட்டோ பிடித்துவந்தார். அவளை வாரிப் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. கருப்பையில் தங்க வேண்டிய கரு வழியிலேயே குழாயில் தங்கி, வளர்ந்து, வெடித்து, உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டியிருக்கிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்கள். நாள் தள்ளியிருந்ததே எனக்குத் தெரியாது. நிச்சயமாகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இருந்திருப்பாள். எதையுமே கையில் வந்த பிறகுதான் சொல்லுவாள். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் என்று நான் கேட்கவில்லை. டாக்டரம்மாவும் சொல்லவில்லை. அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போன விதத்திலேயே பதில் இருந்தது.

அவளை நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி அழுதார். "ஒரே ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா தங்கச்சி? இந்தச் செவுத்துக்கு அந்தாண்டதானே உக்காந்து வெங்காயம் உரிச்சிகினு இருந்தேன். செவுத்த ஒரு தட்டுத் தட்டியிருந்தா ஓடியாந்திருப்பேனே!" வேலையிடத்துக் கூட்டாளிகள் மாலை கொண்டுவந்தார்கள். என்னை ஓட்டுவானே, அவன்தான் முன்னால் நின்றான். மாலையை அவள் மேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலுக்குப் போய், சைக்கிள் சீட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றான்.

விருத்தாசலம் பக்கத்தில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது. யாராவது அநியாயம் செய்துவிட்டால் அங்கே போய், இன்னார் எனக்கு இன்னது செய்தார் என்று தாளில் எழுதிக் கட்டிவிட்டு வருவார்கள். பிராது கட்டுவது என்று பெயர். சாமி விசாரித்துக்கொள்ளும். காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் போல ஆன பிறகு நானும் போனேன். தாள் வாங்கினேன். என் பெயர், ஊர் எழுதினேன். யார் மேல் பிராது என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. கடன் கொடுத்தவர்கள் மேலா? அவர்கள் கொடுத்ததைத்தானே வாங்கினார்கள். வேலை மேலா? ராத்திரியை நானேதான் கேட்டு வாங்கினேன். பாப்பா மேலா? அம்மா சொன்னதைக் கேட்ட குழந்தை அது. என் தூக்கத்தின் மேல் எழுதலாம் என்றால், அந்தத் தூக்கத்தைத்தான் அவள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறாள். அதன்மேல் நான் எப்படிப் புகார் எழுதுவது? தாளை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, 'நீயே பாத்துக்க' என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். கொஞ்ச காலம் முருகன் மேல் வருத்தம் இருந்தது. விளக்கு ஏற்றுவேன், பேச மாட்டேன். அப்புறம் அவரை விட்டால் அவளைப் பற்றிப் பேச எனக்கு யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. மறுபடி பேச ஆரம்பித்தேன்.

ராத்திரி ஷிப்டை விட்டுவிட்டேன். காசு கொஞ்சம் குறைந்தது. பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது, தலை பின்னுவது எல்லாம் அக்காதான். வீட்டை மாற்று என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அந்தச் சுவரை விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. அவள் போட்டுவைத்த போஸ்ட் ஆபீஸ் பணத்தை நான் தொடவில்லை, நிறுத்தவும் இல்லை. அவள் போட்ட மாதிரியே மாசாமாசம் போட்டேன். நாற்பதாவது வயசில் அவள் சொன்னபடியே வேலையை விட்டேன். யாரும் மேளம் அடிக்கவில்லை. வருகிற வழியில் ஒரு மாலை வாங்கி அவள் படத்துக்குப் போட்டேன். அவள் எனக்குப் போட வேண்டியது அது.

இப்போது மந்தாரக்குப்பம் கடைவீதியில் எனக்குப் பூஜை சாமான் கடை. அவள் சொன்ன கற்பூரம், திரி, எண்ணெய், ஊதுபத்தியோடு மணிகளும் வைத்திருக்கிறேன். மணி வாங்க வருகிறவர்கள் ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டிப் பார்ப்பார்கள், நாதம் சரியாக இருக்கிறதா என்று காதில் வைத்துக் கேட்பார்கள். நாள் முழுக்க என் காதில் மணி ஓசைதான். விளக்கு வைத்த பிறகு கடையைச் சாத்திவிட்டு வந்தால், வீட்டில் நாக்குக் கட்டிய மணி. ராத்திரியில் படுத்தால் தூக்கம் வருவதில்லை. அவள் எனக்காகச் சேர்த்து வைத்தது ராத்திரித் தூக்கம். அதை மட்டும் என்னால் செலவு செய்ய முடியவில்லை.

பாப்பா வளர்ந்துவிட்டாள். இந்த வருஷம் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். நன்றாகப் படிப்பாள். சத்தமாகப் பேச மாட்டாள் என்பது ஒன்றுதான் டீச்சர்களின் குறை. நடந்தால் காலடி கேட்காது. பாத்திரம் கழுவினால் ஒன்றோடு ஒன்று இடிக்காது. நான் எத்தனையோ தடவை, கத்திப் பேசும்மா, பாட்டுப் போட்டுக் கேளும்மா என்று சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவாள். எட்டாவது படிக்கும்போது ஒரு முறை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையைத் தட்டிலேயே நிறுத்தி, "நான் உங்கள எழுப்பியிருக்கணுமாப்பா?" என்று கேட்டாள். "நீ அம்மா பேச்சக் கேட்ட பொண்ணும்மா" என்றேன். பதில் சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். கடை திறக்கவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு பகலில் படுத்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பகல் தூக்கம். விழித்தபோது ஜன்னலில் ஈரத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. காலில் போர்வை. குக்கர் இருக்கிற வீட்டில் சோறு வடிக்கிற கஞ்சி வாசனை. வாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன். பாப்பா நின்றுகொண்டு, தெருவில் காய் விற்றுக்கொண்டு வந்தவரிடம் உதட்டின் மேல் விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவின் உயரம், அம்மா நிற்கிற மாதிரியே ஒருக்களித்து நின்றிருந்தாள். எழுந்து நேராகப் பூஜை அலமாரிக்குப் போய் மணியை எடுத்தேன். முடிச்சு எண்ணெயும் புகையும் ஏறிக் கல்லாக இருந்தது. நகத்தால் பிய்த்தேன், பல்லால் இழுத்தேன்.

"அப்பா, இன்னாப்பா பண்றீங்க?" பாப்பா ஓடி வந்தாள்.

"இத அவுத்துடும்மா. உங்கம்மா இத நாப்பது வயசுல அவுக்கிறேன்னு சாமிகிட்ட சொன்னா. எனக்கு நாப்பத்தஞ்சு ஆச்சு. நான் தூங்கினா இனிமே நீ எழுப்பணும். உனக்குத் தலை வலிச்சா எழுப்பணும். ஒண்ணுமே இல்லன்னாலும் எழுப்பணும். என் தூக்கத்த யாரும் காப்பாத்த வேணாம்மா."

பாப்பா அம்மாவின் தையல் பெட்டியில் இருந்து ஊசியை எடுத்துவந்து, தரையில் உட்கார்ந்து, நூலை ஒவ்வொரு இழையாக நெம்பி எடுத்தாள். துணி கழன்று வந்தது. வெளியே கறுத்திருந்தாலும் உள்மடிப்பில் மஞ்சள் அப்படியே புதுசாக இருந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மணியை என்னிடம் நீட்டினாள். "நீ அடிம்மா" என்றேன். கொஞ்சம் தயங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு, பிறகு கை வலிக்கிற மாதிரி வேகமாக ஆட்டினாள். அந்த வீட்டுக்குள் அந்த ஓசை தாங்க முடியாததாக இருந்தது.

மூச்சு விடும் நேரம்கூட ஆகியிருக்காது. வாசல் கதவு சுவரில் மோதித் திறந்தது. பாய் வீட்டு அக்கா. கையெல்லாம் மாவு, காலில் செருப்பு இல்லை, முக்காடு தோளில் நழுவிக் கிடந்தது. இப்போது அவருக்கு முட்டி வலி, நாலு எட்டு நடந்தாலே உட்காருகிறவர்.

"இன்னா தம்பி? பாப்பா, இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா?"

எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பாப்பா கையில் இருந்த மணியைப் பார்த்தார். தரையில் கிடந்த மஞ்சள் துணியைப் பார்த்தார். அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணுமில்லக்கா, மணி அடிச்சோம்" என்றேன். அவர் மாவுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு, "ஓடியாந்துட்டேன் பாத்தியா தம்பி... ஓடியாந்துட்டேன் பாத்தியா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.